முகத்தில் பூசும் கிரீம் விழித்திரைக்குப் போய்ச் சேருமா?

எனக்கு ஸ்டார்கார்ட் நோய் இருப்பது 19 வயதில் தெரிந்தது. கல்லூரிக் கரும்பலகையில் நான் நேராக உற்றுப் பார்க்கும் எழுத்து மட்டும் அழிந்தாற்போல் இருக்கும். அதைச் சுற்றியிருப்பவை எல்லாம் தெரியும். கண்ணாடியின் பவரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தும் சரியாகாமல் போன பிறகுதான் விழித்திரை மருத்துவரிடம் போனோம். கார்ல் ஸ்டார்கார்ட் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1909-இல் விவரித்த, விழித்திரையின் நடுப்பகுதியைப் பாதிக்கும் பரம்பரை நோய் இது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் பெரும்பாலும் வெளிப்படும். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்பதை மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக்கூடாது, வைட்டமின் ஏ மாத்திரையோ மீனெண்ணெய் மாத்திரையோ எதுவும் சாப்பிடக்கூடாது என்று அன்று சொன்ன இரண்டையும் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். கண்ணுக்கு நல்லது என்று கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவந்த அம்மாவால் இரண்டாவதை நம்பவே முடியவில்லை. முருங்கைக்கீரையையும் கேரட்டையும் சாதாரணமாகச் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அவர் ஓரளவு ஆறுதல் அடைந்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, தாடையோரம் விடாமல் வந்த பருக்களுக்கும் அவை விட்டுச்சென்ற கரும்புள்ளிகளுக்கும் தோல் மருத்துவர் 0.025% ட்ரெட்டினாயின் கிரீம் எழுதிக்கொடுத்தார். அது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து என்பது பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மூன்று வாரம் அந்தச் சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு விழித்திரை மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கியதையும், அதன் பிறகு நானாகப் படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

வைட்டமின் ஏ-வின் வேதிப்பெயரான ரெட்டினால் என்பதே ரெட்டினா, அதாவது விழித்திரை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு, பார்வையின் வேதியியலை விளக்கியதற்காக 1967-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வைட்டமின் ஏ-வின் ஆல்டிஹைடு வடிவம், ஒளியுணர் செல்களில் ஒரு புரதத்தோடு இணைந்து காத்திருக்கிறது. ஒளி பட்டதும் அது வளைந்த நிலையிலிருந்து நிமிர்ந்து, புரதத்தை விட்டு விலகி, பக்கத்து நிறமிச் செல்லடுக்குக்குப் போய் மீண்டும் வளைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. என்னைப் போன்றவர்களிடம், விலகிய ஆல்டிஹைடை அப்புறப்படுத்த உதவும் புரதத்துக்கான மரபணு பழுதாக இருக்கிறது. அந்த மரபணு 1997-இல்தான் அடையாளம் காணப்பட்டது. உரிய நேரத்தில் அகற்றப்படாத மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கழிவாகி, நிறமிச் செல்களில் சேர்ந்து அவற்றைக் கொல்கின்றன. வைட்டமின் ஏ கூடுதலாகப் போனால் கழிவும் கூடலாம் என்பதே மாத்திரை வேண்டாம் என்பதற்கான காரணம்.

ட்ரெட்டினாயின் என்பது அந்த ஆல்டிஹைடு அல்ல, அமிலம். உடலில் ரெட்டினால் ஆல்டிஹைடாகும், ஆல்டிஹைடு மறுபடி ரெட்டினாலாகவும் ஆகும். ஆனால் அமிலமாகிவிட்டால் அங்கிருந்து திரும்ப வழியில்லை, தயிர் மறுபடியும் பாலாகாததுபோல. 1960-இல் வால்டும் ஜான் டௌலிங்கும் வைட்டமின் ஏ-வுக்குப் பதிலாக இந்த அமிலத்தை மட்டும் எலிகளுக்குக் கொடுத்தபோது, எலிகள் நன்றாகவே வளர்ந்தன, ஆனால் பார்வையை இழந்தன. அமிலத்தால் உடலை வளர்க்க முடிந்தது. பார்வைக்கு வேண்டிய ஆல்டிஹைடாக மாற முடியவில்லை. இதைப் படித்த இரவில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. மேலும், தோலில் பூசும் கிரீமிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவும் மிகச் சிறியது. கடைகளில் விற்கும் ரெட்டினால் சீரம் வேறு வகை என்பதால், அதை வாங்கிப் பூசாதே என்று மட்டும் மருத்துவர் சொன்னார்.

பருவுக்கு வாய்வழி கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயினை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இரத்தத்தில் கலந்து விழித்திரையை எட்டி, மேலே சொன்ன பார்வைச் சுழற்சியின் ஒரு நொதியைத் தடுப்பதால், சிலருக்கு இருட்டில் பார்வை குறைகிறது. இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்குவதால் கண்ணும் உலர்கிறது. ஸ்டார்கார்ட் நோயின் மாதிரியாக வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் அதே மருந்து கழிவுச் சேர்க்கையைக் குறைத்ததாக 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதை நம்பி யாரும் தாமாக விழுங்கிவிடக் கூடாது என்று உண்மையிலேயே பயப்படுகிறேன். கர்ப்பத்தில் கருவைக் கடுமையாகச் சிதைக்கும் மருந்து அது.

எனக்கு ஆபத்து வந்தது வேறு வழியில். மருந்துக்கடையில் நான் கேட்ட கிரீம் இல்லை என்று, "இதுலயும் ட்ரெட்டினாயின்தான் இருக்கு, கரும்புள்ளிக்கு இன்னும் நல்லது" என்று வேறொரு டியூபைக் கொடுத்தார்கள். பொடி எழுத்தை என்னால் நேராகப் படிக்க முடியாது. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ட்ரெட்டினாயினுடன், தோல் நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுயினோனும் மோமெட்டசோனும் இருந்தன. மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் மட்டும் பூச வேண்டிய இந்த மூன்று மருந்துக் கலவையை, முகம் வெளுக்கும் என்று மாதக்கணக்கில் பூசுவோர் நம்மிடையே ஏராளம். கண்ணருகே நெடுநாள் ஸ்டீராய்டு பூசினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர் கோத்துப் பார்வை மங்கும் நோய்க்கும் ஸ்டீராய்டுக்கும் உள்ள தொடர்பு நன்கு அறியப்பட்டது. அப்படியிருக்க, பெட்டியில் ட்ரெட்டினாயின் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்தவள், அதற்கு அடுத்த வரியில் இருந்த ஸ்டீராய்டை அறியாமலே பூசியிருப்பேன். இந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனி ட்ரெட்டினாயின் கிடைக்கும்வரை காத்திருந்தேன். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு, பட்டாணி அளவு மட்டும். கண்ணாடியில் என் முகத்தின் நடுப்பகுதி எனக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால், கன்ன எலும்பின் மேல் விளிம்பை விரலால் தொட்டறிந்து அதற்கு மேலே போகாமல் பூசுகிறேன். இமையில் பட்டால் அரித்துச் சிவந்துவிடும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம், கறுப்புக் கண்ணாடி எப்போதும்போல. இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளையும் இப்போது ஒரே கோப்பில் வைத்து இருவரிடமும் காட்டுகிறேன். அடுத்த விழித்திரைப் படம் ஐப்பசியில் எடுக்க வேண்டும். கிரீம் தொடங்குவதற்கு முன் எடுத்த படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.