முதல் நாள் எழுதிய பெயர்

ஜப்பானில் வேலைக்குப் போகும் தமிழர்கள் ரசப்பொடி, குக்கர் வரை யோசித்துப் பெட்டி கட்டுகிறார்கள். தங்கள் பெயரைக் கதகானாவில் எப்படி எழுதுவது என்று மட்டும் முடிவு செய்யாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் அந்த எழுத்தில்தான் அங்கே சம்பளமும் ஓய்வூதியமும் நடக்கின்றன.

நரிதா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியதும் குடியிருப்பு அட்டை கொடுப்பார்கள். அதில் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துப் பெயர் அப்படியே இருக்கும். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதை அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார்கள். அங்கே நிரப்பும் படிவத்தில் பெயருக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதுதான் ஃபுரிகனா, அதாவது உச்சரிப்பு. பெரும்பாலும் நாம் எழுதியதே பதிவாகும். எழுதத் தெரியாமல் நின்றால், எதிரே இருப்பவர் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தனக்குப் பட்டதை எழுதுவார்.

செந்தில் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘டிஎச்’ வந்தால் ஜப்பானியர் வாயில் அது ‘ஸ’, ‘ஷி’ பக்கம் போகும், ‘சென்ஷிரு’ ஆகிவிடும். காது கொடுத்துக் கேட்டு எழுதுபவர் ‘சென்திரு’ என்றோ ‘சென்சிரு’ என்றோ எழுதலாம். ல, ள, ழ, ர, ற ஐந்துக்கும் அங்கே ஒரே வரிசைதான். வகரத்தை ‘வ’ என்றும் எழுதலாம், ‘ப’ என்றும் எழுதலாம். செல்வம் ‘செருபமு’ ஆவது அப்படித்தான். மெய்யெழுத்துகளில் ‘ன்’ ஒன்றுக்குத்தான் தனி எழுத்து உண்டு; மற்றவற்றோடு ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். அதனால் மணிகண்டன்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

எப்படி எழுதினாலும் தவறில்லை. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதுவதுதான் தவறு. வங்கிப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணோடு கதகானாப் பெயரையும் ஒப்பிடுவார்கள். நிறுவனத்துக்குக் கொடுத்த பெயரில் நெடில் கோடு ஒன்று கூடுதலாக இருந்தாலே சம்பளம் திரும்பிப் போகக்கூடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: ‘தி’ என்ற ஒலியைப் பெரிய எழுத்து ஒன்றும் சிறிய எழுத்து ஒன்றும் சேர்த்து எழுதுவார்கள். பாஸ்புக்கில் அந்தச் சிறிய எழுத்தும் பெரியதாகவே அச்சாகும். ஆகவே சம்பளப் படிவத்தை நினைவிலிருந்து நிரப்பாமல், பாஸ்புக்கின் உள்பக்கத்தைப் பார்த்து இடைவெளி உட்பட எழுத்துக்கு எழுத்து நகல் எடுப்பதே பாதுகாப்பு. இணையப் படிவங்களில் முழு அகலக் கதகானா, அரை அகலக் கதகானா என்று, ஒரே எழுத்தின் அகலமான வடிவமும் ஒடுங்கிய வடிவமுமாக, வேறு ஒரு தொல்லை. சரியாகத் தட்டியும் சிவப்பில் பிழை காட்டினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏடிஎம் அட்டை தபாலில் வரும். குடியிருப்பின் கடிதப் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால், தபால்காரர் அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பிவிடலாம். வீட்டுச் சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அலுவலகத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. அங்கே குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துத்தான் அழைப்பார்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். செந்தில் போய் ஐந்து வருடம் ‘முருகன் சான்’ ஆக இருந்துவிட்டு வருவார். ஊரில் அப்பா பெயரைச் சொல்லி அழைக்க வயதில் மூத்தவர்களே யோசிப்பார்கள். அங்கே பயிற்சிக்கு வந்த பையன்கூடக் கூப்பிடுவான். சம்பளப் பட்டியலில் முழுப்பெயர் இருக்கட்டும். மின்னஞ்சலுக்கும் பெயர் அட்டைக்கும் எந்தப் பெயர் வேண்டும் என்று மனிதவளப் பிரிவுக்கு முன்கூட்டியே சொன்னால் மாற்றித் தருவார்கள். அட்டை அச்சான பிறகு கேட்பதற்கு நமக்கே கூச்சமாகிவிடும்.

கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் பெயர் முத்திரைக்கும், அதாவது ஹான்கோவுக்கும், இதே கதைதான். பல வங்கிகளில் கையெழுத்தே போதும். ஆனால் சாதாரண கார் வாங்க நகராட்சியில் பதிந்த முத்திரை தேவைப்படும். அது 8 மி.மீ.க்கு மேலும் 25 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரை செல்லாது. கதகானாவில் செதுக்குவதானால், அந்தக் கதகானாப் பெயர் முதலில் குடியிருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். முத்திரையைச் செய்துவிட்டு நகராட்சிக்குப் போகிறவர்கள் இன்னொன்று செய்ய வேண்டியதாகிறது. மஞ்சள் நம்பர் பலகை கொண்ட சிறிய ‘கெய்’ கார் என்றால் இந்தப் பதிவே வேண்டாம்.

இது வெளிநாட்டவர் தலைவலி மட்டுமல்ல. சுமார் 5 கோடி ஓய்வூதியப் பதிவுகள் யாருடையவை என்று தெரியாமல் கிடப்பது 2007-இல் வெளியே வந்தது. பெயரின் உச்சரிப்பைத் தவறாகக் கணினியில் ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். ஜப்பானியர்களின் குடும்பப் பதிவேட்டிலேயே உச்சரிப்பு சேர்க்கப்படுவது 2025 மே மாதத்தில்தான் தொடங்கியது.

இந்திய நிறுவனம் தன் ஊழியரை ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத பணிக்கு அனுப்பினால், 2016 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள இந்திய-ஜப்பானிய ஒப்பந்தப்படி, சான்றிதழ் காட்டி ஜப்பானிய ஓய்வூதியத்திலிருந்து விலக்குப் பெறலாம். அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாடு திரும்பிய இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். ஊழியர் ஓய்வூதியமானால் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். கிளம்பும் முன், நம் சார்பில் அங்கே வரி வேலையைப் பார்க்க வரிப் பிரதிநிதி ஒருவரை நியமித்தால் அதையும் கோரிப் பெறலாம். பணத்தை ஜப்பானிய வங்கிக் கணக்கிலேயே போடச் சொன்னால், கணக்குப் பெயரை அந்தப் படிவத்திலும் கதகானாவில்தான் கேட்பார்கள்.