செல்லுக்கு லீவு இல்லை

"மாமா, நான் கிளம்புறேன். செல்லுக்கு மீடியா மாத்தணும்."

மதுரை விளக்குத்தூண் பக்கம். ஞாயிறு சாயங்காலம். ஜிகர்தண்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள் அக்கா மகள்.

ஆராய்ச்சி மாணவி. கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்லை, அதாவது புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்லை, ஆய்வகத்தில் வளர்க்கிறாள். மீடியா என்பது அதற்குச் சாப்பாடான இளஞ்சிவப்புத் திரவம். அதைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் செல் செத்துப்போகும்.

கையில் வளையல் இல்லை. அடகில் இருக்கிறதாம், ரூம் வாடகைக்கு.

கடைசியாக உதவித்தொகை வந்து ஐந்து மாதமாகிறது. 2023-ல் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையை மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கினார்கள், நல்ல விஷயம். அது மாதாமாதம் கைக்கு வர வேண்டாமா?

அமெரிக்காவிலும் நிதிக்காகக் காத்திருந்த கதை உண்டு. 2001-ல் கருநிலை (கருவிலிருந்து எடுக்கும்) ஸ்டெம் செல் ஆய்வுக்கு மத்திய அரசு நிதியை அதிபர் புஷ் கட்டுப்படுத்தினார். அடுத்த அதிபர் ஒபாமா அதைத் தளர்த்தியது 2009-ல். 2001-ல் முப்பது வயதில் ஆய்வகத்தில் நின்றவருக்கு அதற்குள் முப்பத்தெட்டு.

இவளுக்கு இப்போது இருபத்தொன்பது.