அறிக்கைக்காகக் காத்திருக்கும் நாட்கள்

பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்து நீர்ப்படலத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையையும் என் மனைவியின் வயதையும் அதோடு சேர்த்துக் கணக்கிட்டு, டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 180-இல் ஒன்று என்று அறிக்கை தந்தார்கள். அந்த ஆய்வகத்தின் வரம்பு 250-இல் ஒன்று என்பதால், 'ஹை ரிஸ்க்' என்ற சொல் மட்டும் சிவப்பில் அச்சாகியிருந்தது. மீதி 179 பேருக்கு ஒன்றும் இருக்காது என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. ஆனால் அதற்குத் தனி நிறம் கிடையாது.

"சாப்பாட்டில் ஏதும் குறை வைத்துவிட்டோமா மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டார். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணமான இருபத்தோராம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதற்கும் பப்பாளிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கியும், பழக்கூடையிலிருந்து பப்பாளி காணாமல் போயிற்று.

இப்போது என்.ஐ.பி.டி. முடிவுக்குக் காத்திருக்கிறோம். தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகளை ஆராயும் இச்சோதனை மிகத் துல்லியமானதே என்றாலும், இதுவும் வடிகட்டும் சோதனைதான். உறுதியாக அறியப் பதினைந்தாம் வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதிப்பதா என்பதை முடிவு வரும் முன்பே பேசிவைப்பது நல்லது என்று எண்ணி, நேற்றிரவு பேசத் தொடங்கினோம்; இன்னும் முடியவில்லை.