பிரசவ வார்டில் கற்ற பாடம்

பிரசவம் முடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் எங்கள் வேலையில் கண் இமைக்கக் கூடாத நேரம். குழந்தை அழுதாயிற்று, நஞ்சுக்கொடி விழுந்தாயிற்று, வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் மிட்டாய் வாங்கப் போயிருப்பார்கள். எல்லோரும் நிம்மதியாகிற அந்த நேரத்தில்தான் தாய்க்கு ஆபத்து வரும். கர்ப்பப்பை இறுகி உருண்டையாக இருக்கிறதா, இரத்தம் எவ்வளவு போகிறது, நாடி என்ன, பி.பி. என்ன என்று கால் மணிக்கு ஒருமுறை பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். தென் தமிழ்நாட்டில் ஒரு மிஷன் மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸாக இருக்கிறேன். ஆண்டவர் ஒரு மனுஷியை அன்றாடம் எப்படி வழிநடத்துகிறார் என்பதைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பங்கு இந்த வார்டில் அறிந்ததுதான்.

ஒரு நைட் ட்யூட்டியில் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆனது. எல்லாம் பார்த்து எழுதி முடித்தேன். லேபர் ரூமில் அடுத்த பெண்ணுக்கு வலி முற்றிக்கொண்டிருந்தது; அங்கே போகக் கிளம்பினேன். வாசல்வரை போனவளுக்கு மேலே போக மனம் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை, சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார் என்ற ஒரு பாரம் மட்டும் நெஞ்சில் இருந்தது. போனேன்.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். தூக்கமா வருது. புள்ள நல்லா இருக்குல்லா?"

பி.பி. முன்பு இருந்தபடியே இருந்தது. கையைப் பிடித்தால் நாடி ஓட்டமாக ஓடியது. வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை கல்லாக இருக்க வேண்டிய இடத்தில் மாவு போலத் தளர்ந்து மேலே ஏறியிருந்தது. வெளியே அதிகம் தெரியவில்லை. இரத்தம் உள்ளே தேங்கிக்கொண்டிருந்தது. இளம் வயதுப் பெண்களுக்கு இரத்தம் குறையும்போது பி.பி. கடைசிவரை தாக்குப்பிடிக்கும், நாடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே ஆள் கூப்பிட்டேன். இரண்டாவது ஊசி வழி போட்டு ஆக்ஸிடோசின் டிரிப் ஏற்றுவதற்குள் டாக்டர் அம்மா வந்துவிட்டார். விடியும்போது அந்தப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கேட்ட ஒரு சக நர்ஸ், "அது அனுபவம்க்கா. முகத்துல ஏதோ வெளிறினத ஒங்க கண்ணு பாத்திருக்கும், மனசுக்கு அப்புறமா தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவள் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அனுபவம் என்று சொல்லிவிட்டால் ஆண்டவருக்கு அதில் இடமில்லை என்று ஏன் ஆக வேண்டும்? வேதத்தில் யாத்திராகமத்தில், இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன் வேலை, மர வேலை, கல் வேலை செய்ய பெசலெயேல் என்பவனை அழைக்கிற இடத்தில், அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார் கர்த்தர். கைத்தொழிலுக்கு ஆவியின் நிறைவு! அந்தப் பகுதியைப் படித்த பிறகு, நாடி பார்க்கப் பழகிய விரல்களையும் அவர் கொடுத்ததாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். படித்த படிப்பும், மூத்தவர்கள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்ததும், அந்த வாசலில் வந்த பாரமும் ஒரே கையிலிருந்து வந்தவை.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் இங்கே ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். காலை ஜெபத்தில் "ஆண்டவரே, என்னோடு பேசும்" என்று நான் உருகி ஜெபித்துவிட்டு வார்டுக்கு வந்த ஒருநாள் அவர் சொன்னது: "ஏட்டி, ஆண்டவரு பேசணும்னு கேக்க. சரி. மூணாவது கட்டில்ல கெடக்கவ அரை மணிநேரமா தண்ணி கேக்கா, அது கேக்குதா ஒனக்கு?" அதில் கடிந்துகொள்ளும் தொனி இல்லை. என் தோளைப் பிடித்து அந்தக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டார். வேதத்தில் வரும் சிறுவன் சாமுவேலின் கதையை அதற்குப் பிறகுதான் சரியாக வாசித்தேன். கர்த்தர் கூப்பிடுகிறார், பையன் மூன்று தரமும் ஆசாரியரான ஏலியிடம் ஓடுகிறான். கூப்பிடுகிறவர் யார் என்று அவனுக்குச் சொல்ல ஒரு கிழவர் தேவைப்பட்டார். அதுவும் கண் மங்கிப்போன ஒருவர், தன் பிள்ளைகளை அடக்காதவர். ஆண்டவர் சாமுவேலோடு நேராகப் பேசி விளங்கவைத்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற மனிதர் வழியாக விளங்கவைத்தார். தனியாக அறைக்குள் இருந்து மட்டும் வழிநடத்துதலைத் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

பிரசவ வார்டில் இருக்கிறவள் ஐடா ஸ்கட்டரை நினைக்காமல் இருக்க முடியாது. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனெரி மருத்துவரின் மகள். இந்தியாவில் மிஷனெரியாக இருக்க அவருக்கு விருப்பமே இல்லை. அமெரிக்காவில் வளர்ந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி கேட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், அந்நிய ஆண் உள்ளே வரக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. அவர் மருத்துவம் படிக்கத் தீர்மானித்து, 1899இல் அமெரிக்காவில் கார்னெல் கல்லூரியில் படித்து முடித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி., வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அப்படி வந்தது.

இந்தச் சாட்சியைச் சபைகளில் சொல்லும்போது வேலூர்க் கட்டடங்களில் போய் முடிப்பார்கள். நான் அந்த இரவிலேயே நின்றுவிடுகிறேன். வாசலுக்கு வந்த மூவரும் கிறிஸ்தவர்கள் அல்லர். இரண்டு பேர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். ஆண்டவருடைய அழைப்பு அவர்கள் வாயிலிருந்துதான் ஐடாவுக்கு வந்தது. அந்த மூன்று பெண்களோ பிழைக்கவில்லை.

எங்கள் வார்டிலும் ஒரு தாய் இறந்தாள். தூரத்துக் கிராமத்திலிருந்து வந்து சேரும்போதே உடம்பு வெளுத்திருந்தது. செய்யக்கூடியது எல்லாம் செய்தோம், இரத்தம் கொடுக்க எங்கள் ஆண் நர்ஸ்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு எனக்கு எந்த உள்ளுணர்வும் வரவில்லை. வந்திருந்தாலும் நேரம் கடந்துவிட்டிருந்தது. அவளுடைய தாயார் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இரவில் என்னைத் திருப்பி அனுப்பியவர் இந்த இரவில் எங்கே என்று நானும் கேட்டேன். இன்னும் கேட்கிறேன். ஆகவே, முடிவு நன்றாக அமைந்ததைக் காட்டி 'இது ஆண்டவர் நடத்தியது' என்று நிரூபிக்கிற சாட்சிகளை என்னால் முழுமனதோடு கேட்க முடிவதில்லை. அந்தத் தாயாரின் கையை விடாமல் விடியும்வரை உட்கார வைத்ததும் அவர்தான் என்று நம்புகிறேன். அதற்கு மேல் எனக்கு விளக்கம் கொடுக்கப்படவில்லை.

அப்படியானால் மனதில் எழுகிற எல்லாவற்றையும் அவர் குரலாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பயமும் நெஞ்சை அழுத்தும். இதில் எனக்கு உதவியது, இயேசு சபைக் குரு ஒருவர் நடத்திய தியானத்தில் கேட்ட, அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கதை. 1521இல் ஸ்பெயினில் பம்ப்ளோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தவர் அவர். படுக்கையில் வீர தீரக் கனவுகள் காண்பார். இயேசுவின் வாழ்க்கையையும் பரிசுத்தவான்கள் சரித்திரத்தையும் படிப்பார். இரண்டுமே அந்நேரத்துக்கு இன்பம்தான். ஆனால் முதலாவது போன பிறகு உள்ளம் வறண்டு கிடந்தது, இரண்டாவது போன பிறகும் மகிழ்ச்சி தங்கியது. அந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்து அவருடைய பாதையே மாறியது. ஒரு நோயாளி தன் மனதின் நாடியைத் தானே பிடித்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பயம் எழுப்புகிற எண்ணம் என்னைப் பற்றியே சுற்றும்: என் பெயர், என் வேலை, யார் என்ன சொல்வார்கள். ஆண்டவர் எழுப்புகிற எண்ணம் இன்னொருவர் பக்கம் என்னைத் திருப்பும். வேதத்துக்கு விரோதமாகப் போகாது. அவசரப்படுத்தினாலும் கலங்கவைக்காது.

போன வருடம் எங்கள் வார்டுத் தங்கை ஒருத்தி புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வந்தாள். "இதோ, திறந்தவாசலை உனக்குமுன்பாக வைத்திருக்கிறேன்" என்ற வசனம். கையில் மஸ்கட் வேலைக்கான ஆர்டரும் இருந்தது. "அக்கா, இது ஆண்டவர்தானே?" அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அதே அட்டை அதே ராத்திரி எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தோம். பவுல் ஆசியாவில் வசனம் சொல்லப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் போகவொட்டவில்லை. மக்கெதோனியாவுக்கு வந்து உதவும்படி ஒருவர் கேட்கிற தரிசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் பவுல் துரோவா பட்டணம்வரை வந்திருந்தார். பிறகு அவளிடம் கேட்டேன்: போனால் யாருக்கு நல்லது, போகாவிட்டால் யாருக்கு நல்லது, வீட்டில் என்ன சொல்கிறார்கள், போக நினைக்கும்போது மனம் எப்படி இருக்கிறது, அதே மனம் மறுநாளும் இருக்கிறதா?

படிப்புக் கடனுக்காக அவள் அக்காவின் நகை அடகில் இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். ஊழியம் என்றால் மிஷன் மருத்துவமனையில் குறைந்த சம்பளத்தில் இருப்பது மட்டும்தானோ என்ற குற்ற உணர்வில் அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அந்த அக்காவைவிடத் தெளிவான வசனம் உனக்கு வேண்டாம் என்றேன். ஆயரும் அவள் அம்மாவும் அதையே சொன்னார்கள். நகையை மீட்டாயிற்று, கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்திருக்கிறார்கள். அவள் மஸ்கட்டில் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போகிறாள். அங்கே இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொல்லிச் செய்தி அனுப்புவாள். காலை ட்யூட்டி தொடங்குமுன் நாங்கள் கூடும்போது அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறோம்.