எங்கள் ஃப்ரீசரின் அவசரகாலம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு வாரச் சாப்பாடு ஒரே பந்தியில் காலியானது. பரிமாறியது அம்மா. பாராட்டு வாங்கியதும் அம்மா. சமைத்தவன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, கிள்ளான் மாமாவின் கார் பின்னால் வரக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

எல்லாம் காசில்தான் ஆரம்பித்தது. வீட்டுக்காரிக்கு ஈப்போவில் ஷிஃப்ட், எனக்கு ஆலையில் எடைமேடை. வேலை முடிந்து வந்தால் அடுப்பின் முகத்தைப் பார்க்க இரண்டு பேருக்கும் பிடிக்காது. ரோட்டோர ஒட்டுக்கடை, இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடை, பசார் மாலம் என்கிற இரவுச் சந்தை என்று பொட்டலம் கட்டி வாங்கியே சம்பளம் சாம்பாரில் கரைந்தது. கோழிக்கு இருந்த அரசாங்க மானியத்தை 2023 நவம்பரில் எடுத்தார்கள். முட்டைக்கு இருந்தது 2025 ஆகஸ்ட்டில் போனது. இரண்டு செய்தியையும் கடைக்காரர் குழம்பில் துண்டைச் சிறிதாக்கி எங்களுக்குத் தெரிவித்தார்.

சரி, வீட்டிலேயே மொத்தமாகச் சமைத்து உறைய வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. யார் சமைப்பது என்று ஓட்டெடுப்பு நடந்தபோது நான் நைட் ஷிஃப்டில் இருந்தேன்.

சமைப்பதுகூடப் பரவாயில்லை, உறைய வைப்பதுதான் பெரிய படிப்பு. குழம்பை இறக்கிய கையோடு உள்ளே தள்ளக்கூடாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். அதற்காக வெளியே மறந்துவிட்டுத் தூங்கப் போகவும் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். டப்பாவை விளிம்புவரை நிரப்பினால் ரசம் உறையும்போது பெருத்து மூடியைத் தூக்கிவிடும். பையில் போட்டால் காற்றை வெளியேற்றித் தட்டையாகப் படுக்க வைத்து, கெட்டியானதும் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்கலாம். தேங்காய்ப்பாலைக் கடைசியில் சூடு பண்ணும்போது ஊற்றிக்கொள்வது நல்லது, உறைந்து கரைந்தால் திரிந்து நிற்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள்தான், ஆனாலும் அதைச் சாப்பிட முடியாது. உருளைக்கிழங்கு சொரசொரவென்று மாவாகும். உருளைக்கிழங்கு இல்லாத கோழிப் பிரட்டலை அம்மா பிரட்டலாகவே ஒப்புக்கொள்வதில்லை. முதல் சண்டை அங்கே.

அடுத்த சண்டை இடத்துக்கு. ஃப்ரீசர் அம்மாவின் எல்லை. தோட்டத்து மாமா கொடுத்தனுப்பிய காட்டுப்பன்றிக் கறி, போன சீசன் டுரியான் சுளை, துருவிய தேங்காய், பத்து வீட்டுக்குப் போதுமான கறிவேப்பிலை, அப்புறம் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு கட்டி. அதைத் தூக்கி எறியலாமா என்று கேட்டால் ‘அது இருக்கட்டும்’ என்பார். மிச்ச சந்தில் சின்னவனின் ஐஸ்கிரீம் மலேசியா, அதாவது பிளாஸ்டிக் பையில் உறைய வைத்த குச்சி ஐஸ். இதற்கு நடுவில் என் பைகளுக்கு இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்த அவசரகாலம் 1948-இல் தொடங்கிய ஊர் எங்கள் சுங்கை சிப்புட். அது 1960-இல் முடிந்துவிட்டதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கள் ஃப்ரீசருக்கு இன்னும் தகவல் வரவில்லை.

“வெறச்சுப் போனதத் தின்னா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?” என்பது அம்மாவின் அன்றாட அர்ச்சனை. நானும் விடவில்லை. நீங்கள் தீபாவளிக்கு வரிசையில் நின்று வாங்கும் ஆட்டுக்கறி எங்கிருந்து வருகிறது? ஆஸ்திரேலியாவில் உறைந்து, கப்பல் ஏறி, கிள்ளானில் இறங்கி வருகிறது. அதற்கு மட்டும் ஒடம்பு ஒன்றும் ஆகாதா? “அது ஆடு. இது நீ பண்ணது.” இதற்கு மேல் என்ன பேசுவது?

“கரண்ட் போனா?”

நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும் என்றேன்.

“இந்த வீட்ல தொறக்காம யாருடா இருப்பா?” சின்னவன் அப்போதும் ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் நின்றான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அம்மா விடியுமுன்னே எழுந்து சமைத்து, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனவர். மரத்தடியில் உட்கார்ந்து திறக்கும்போது எப்போதும் ஆறிப்போன சோறுதான். “இனிமே செத்தாலும் சில்லுன்னு திங்க மாட்டேன்” என்று ஒருநாள் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அம்மாவின் தட்டுக்குப் போவதை ஆவி பறக்கக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன். அதையும் ‘வாய் வெந்து போச்சு’ என்று திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிள்ளான் அத்தை குடும்பம் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வந்ததாம். ‘இவ்ளோ தூரம் வந்துட்டு அண்ணியப் பார்க்காம போனா நல்லாருக்காதுன்னு’ நேரே சுங்கை சிப்புட்டுக்கே காரை விட்டுவிட்டார்கள். முன்னால் ஒரு போன் கிடையாது. எங்கள் சொந்தத்தில் போன் போட்டுவிட்டு வருவது மரியாதைக் குறைவு. இரண்டு கார் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். அம்மா என்னை ஓரமாக இழுத்து, “போயி வாழையிலையும் அப்பளமும் வாங்கிட்டு வா, மெதுவாவே வா” என்றார். அந்த ‘மெதுவாவே’ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திரும்பி வந்தால் வீடு முழுக்கப் பிரட்டல் வாசம். என் பிரட்டல். பருப்பு, சாம்பார், நெத்திலி சம்பல், ரசம், எல்லாம் என்னுடையவை. அடுப்பு நான்கும் எரிகிறது, அம்மா முந்தானையில் வியர்வையைத் துடைக்கிறார். அந்த வியர்வை அசல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குப்பைக்கூடையில் வாழைப்பழத் தோலுக்கு அடியில் பைகள் கிடந்தன, தேதியோடு, என் கையெழுத்தில்.

“அண்ணி கைப்பக்குவம் மாறவே இல்ல” என்றார் அத்தை. மாமா மூன்றாம் முறை சாம்பார் கேட்டார். அம்மா தலையைக் குனிந்து, “வயசாயிருச்சு, முன்ன மாதிரி முடியல” என்று பணிவாகச் சொன்னார். நான் இலை எடுத்தேன். போகும்போது மிச்சத்தையும் டப்பாவில் அடைத்துக் கொடுத்தனுப்பினார். டப்பாக்களும் என்னுடையவை. அவை கிள்ளானிலிருந்து திரும்பி வரும் என்று நம்ப நான் சின்னப் பையன் இல்லை. அன்றிரவு எங்களுக்குச் சாப்பாடு ஒட்டுக்கடைப் பொட்டலம்.

நேற்று அத்தை போன் செய்தார், பிரட்டல் எப்படிச் செய்வது என்று. அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, “டேய், சோம்பு எவ்ளோ போட்ட?” என்றார். சொன்னேன். பட்டை? சொன்னேன். எவ்வளவு நேரம் ஊற வைத்தாய்? அதையும் சொன்னேன். ஒவ்வொன்றையும் அம்மா தன் பாட்டி சொல்லிக் கொடுத்த பரம்பரை ரகசியமாக்கி அந்தப் பக்கம் அனுப்பினார். கடைசியில் அத்தை என்னவோ புகழ்ந்திருக்க வேண்டும்.

“அட நீ வேற,” என்றார் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே. “உப்பு கொஞ்சம் தூக்கல்தான், எனக்கே தெரியும். அடுத்த வாட்டி சரியாப் போட்டுடுறேன்.”