175 கிராமில் ஒரு மதியச் சாப்பாடு

போன தை மாதம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலை ஏறும்போது நான் கட்டிக்கொண்டு போன பொதிச்சோறு 680 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பங்குனிக் கடைசியில் காளிகேசம் காட்டுப் பக்கம் நடந்தபோது பையில் இருந்த மதியச் சாப்பாடு 175 கிராம். இடையில் இருந்த இரண்டரை மாதத்தில் என்னென்ன செய்து பார்த்தேன், எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

பொதிச்சோற்றை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாழையிலையைத் தீயில் வாட்டி, சம்பா சோறு வைத்து, ஒரு ஓரத்தில் தேங்காய்ச் சம்மந்தி (துவையல்), இன்னொரு ஓரத்தில் பயறு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), மேலே மடித்த முட்டைப் பொரியல், ஒரு கீற்று மாங்காய் ஊறுகாய். இலை மணம் சோற்றில் இறங்கி, பொதியைப் பிரிக்கும்போது வருகிற அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. ஆனால் அன்றைக்குக் காலை ஐந்து மணிக்குச் சூடு ஆறும் முன்பே கட்டிவிட்டேன். அடிவாரத்துப் பொற்றையடியில் இறங்கி, படிகள் ஏறி, நாராயண குரு தவமிருந்த பிள்ளத்தடம் குகையில் கொஞ்சம் உட்கார்ந்து, உச்சிக்குப் போய்க் கடலையும் காற்றாலைகளையும் பார்த்துவிட்டுப் பொதியைப் பிரித்தபோது மணி பன்னிரண்டரை. என் சித்தி மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். "அக்கா, சம்மந்தி புளிச்ச மணம் அடிக்கி. தின்னாண்டாம்."

அவன் சொன்னது சரி. ஈரத் தேங்காய், இளஞ்சூட்டில் மூடி வைத்த சோறு, ஏழரை மணி நேரம். சோற்றில் வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் விதைகள் உண்டு. வெதுவெதுப்பான ஈரம் கிடைத்தால் அவை முளைத்துப் பெருகும். அவை விடுகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரண்டு பொதியையும் அப்படியே கட்டிக் கீழே கொண்டுவந்தோம். இரண்டு கடலை மிட்டாயோடு அன்றைய மதியம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 400 கிராம் சோறு என்றால் அதில் 270 கிராம்போல வெறும் தண்ணீர். துவரனிலும் சம்மந்தியிலும் இருக்கிற ஈரம் வேறு. முதுகில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை பாட்டிலில் சுமந்துகொண்டு, மேலே இன்னொரு கால் லிட்டருக்குக் கூடுதலான தண்ணீரைச் சோறாகவும் சுமந்திருக்கிறேன். கெட்டுப்போனதற்குக் காரணமும் அதே ஈரம்தான். எடை, கேடு இரண்டுக்கும் வேர் ஒன்று என்று தெரிந்ததும், இனி ஈரமில்லாத சாப்பாடுதான் என்று முடிவு செய்தேன்.

இதற்கு நடுவே இரண்டு மூன்று சில்லறை முயற்சிகள். புளிச்சோறு கெடவில்லை, ஆனால் எடை குறையவில்லை. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் பரவாயில்லை, மதியத்துக்குள் வறண்டு போகிறது. நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துக் கொண்டுபோனேன். சுவை அபாரம், எடையும் இல்லை, ஆனால் அந்த உப்புக்குத் தண்ணீர் குடித்து மாளவில்லை. அரை லிட்டர் கூடுதலாகச் சுமந்தால் மிச்சம் பிடித்த எடை எங்கே? பொரி வேறு பாடம் சொல்லிக் கொடுத்தது. நூறு கிராம் பொரி பையில் பாதியை அடைத்துக்கொண்டது. எடை குறைவது ஒன்று, இடம் குறைவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு கணக்கிலும் தேறியது சிவப்புக் கெட்டி அவல். மெல்லிசு அவல் இரண்டு நிமிடத்தில் ஊறிவிடும், ஆனால் பொரி மாதிரி இடம் பிடிக்கும், அழுத்தினால் தூளாகும். கெட்டி அவல் நூறு கிராம் ஒரு கைப்பிடி அளவுத் துணிப்பைக்குள் அடங்குகிறது. பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் போதும். நூறு கிராம் அவலில் ஏறத்தாழ 350 கலோரி. வெந்த சோற்றில் அதே நூறு கிராமுக்கு 130தான்.

வெறும் அவலை யார் தின்பது? அதற்குக் கூட்டாகத்தான் சம்மந்திப்பொடி வந்தது. இந்த ஒரு பொருளுக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை தேங்காயை மிக்சியில் அரைத்து வறுத்தேன். பாதி கருகி, பாதி ஈரமாகவே நின்றது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மக்கா, தேங்காயில தண்ணி இருக்கது வரைக்கும் அது கெடும். அவசரப்படாம இரு. தீயைக் கொறச்சி வச்சி, கை எடுக்காம கிண்டு" என்றாள். அடுத்த வாரம் துருவியில் மெல்லிசாகத் துருவினேன். இரண்டு தேங்காயில் 400 கிராம் துருவல் கிடைத்தது. கனமான உருளியில் எண்ணெய் விடாமல் போட்டு, கூடவே பத்துச் சின்ன உள்ளியைப் பொடிப்பொடியாக அரிந்து, எட்டு வற்றல் மிளகாய், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு கரண்டி உளுந்தம்பருப்பு, கொஞ்சம் மிளகு. முதல் பத்து நிமிடம் ஆவிதான் வரும். அப்போது துருவல் அகப்பையில் ஒட்டும், கிண்டினால் சத்தமே இருக்காது. இருபது நிமிடம் கழித்து ஆவி நின்று, பச்சைத் தேங்காய் மணம் போய், சுட்ட மணம் வரும். அரை மணி நேரம் தாண்டும்போது சத்தம் மாறும். அகப்பை போகிற இடமெல்லாம் காய்ந்த மணலைக் கிண்டுவது போல சரசரவென்று கேட்கும். கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும் என்று அம்மா சொன்னது இதைத்தான். நல்ல தவிட்டு நிறம் வந்ததும், காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போகவிடாமல் இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் உருளியின் சூட்டில் இன்னும் இரண்டு நிமிடம் நிறம் ஏறும். அதனால் உடனே வேறு தட்டில் கொட்டுவது நல்லது. புளியையும் விதை, நார் நீக்கி, கடைசி ஐந்து நிமிடம் அதே சூட்டில் போட்டால் அதன் பிசுக்கு போய் உடைகிற பதம் வந்துவிடும்.

மூன்றாவது தடவை மிக்சியில் ஒரே ஓட்டமாக ஓட்டினேன். எண்ணெய் கக்கிக் களிம்பாகிவிட்டது. விட்டு விட்டுச் சுற்ற வேண்டும், அல்லது உரலில் இடிக்க வேண்டும். உரலில் இடித்ததுதான் சுவை. நான்காவது தடவை எல்லாம் சரியாக வந்து, ஆறும் முன் பாட்டிலில் அடைத்ததால் மூடியில் வியர்த்துவிட்டது. இப்போது தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறேன். 400 கிராம் துருவல் வறுபட்ட பிறகு 210 கிராம் நின்றது. மீதி எல்லாம் அடுப்பங்கரையிலேயே ஆவியாகப் போன தண்ணீர். கொழுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அதுதான் மலையில் நமக்கு வேண்டியது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4.

ஆக இப்போதைய பொட்டலம் இது: அவல் 100 கிராம், சம்மந்திப்பொடி 25, வறுத்த நிலக்கடலை 30, உடைத்த கருப்பட்டி 20. மொத்தம் 175 கிராம், 700 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும். எவர்சில்வர் டப்பாவையும் விட்டுவிட்டேன், அது ஒன்றே 280 கிராம். வாய் அகன்ற பழைய பாட்டில் ஒன்று 45 கிராம் இருந்தது. அதிலேயே ஊறவைத்து அதிலேயே சாப்பிட்டுவிடலாம்.

ஆனால் ஒன்று. அவல் ஊற 150 மில்லி தண்ணீர் வேண்டும். மருந்துவாழ்மலை மாதிரி மேலே தண்ணீரை நம்ப முடியாத இடத்துக்கு அதையும் சுமந்துதான் ஆக வேண்டும், அப்போது உண்மையான எடை 325 கிராம். அதுவும் பொதிச்சோற்றில் பாதிதான். வழியில் ஓடை இருக்கிற பாதையில்தான் முழு லாபமும் கிடைக்கும்.

காளிகேசத்தில் அதைச் சோதித்தேன். அங்கெல்லாம் வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி அரசு திறந்துவிட்ட பிறகு இந்த அனுமதி விஷயம் எவ்வளவோ எளிதாகிவிட்டது. கூட வருகிற வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், அது நல்லதுதான். ஓடையில் தண்ணீர் பிடித்துச் சுத்திகரிப்பு மாத்திரை போட்டேன். அது வேலை செய்ய அரை மணி நேரம். அவலை நாம் வேகவைக்கப் போவதில்லை, அதனால் இந்த அரை மணியைக் குறைக்கவே கூடாது. அது முடிந்ததும் பாட்டிலில் இருந்த அவலில் ஊற்றி, மூடியைத் திருகி, பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டு நடந்தேன். சாப்பிட நின்றபோது அவல் மெத்தென்று ஊறியிருந்தது. சம்மந்திப்பொடியைத் தூவி ஒரு குலுக்கு, மேலே கடலை. முதல் வாயில் புளிப்பும் உறைப்பும் சுட்ட தேங்காயும் சேர்ந்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டு அடுப்பங்கரை மணம் அந்தக் காட்டு நடுவில்.

உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் அட்டை. ஈர இலைமேல் இரண்டு நிமிடம் நின்றாலே செருப்பு விளிம்பில் ஏறிவிடுகிறது. ஒரு பாறைமேல் நின்றபடி, ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் கரண்டி. பொதிச்சோறாக இருந்தால் இது நடக்காது. வழிகாட்டி அண்ணனுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். ருசி பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அரிந்து, அரைவேக்காடாக அவித்து, வெயிலில் காயவைத்து வைத்திருப்பதைச் சொன்னார். மழைக்காலத்துக்கு அதுதானாம். திரும்பி வந்து அதையும் செய்தேன். நன்றாகக் காய்ந்தது, ஆனால் திரும்ப மெதுவாக்க ஒரு இரவு ஊறவைத்து வேகவைக்க வேண்டும். அடுப்பு கொண்டு போகிற இரண்டு நாள் பயணத்துக்கு அது இரவுச் சாப்பாடு, மதியத்துக்கு ஆகாது.

சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களை நினைத்துப் பார்ப்பேன். மகா சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல். கையில் பனையோலை விசிறியோடு ஓடுகிறார்கள். வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுக்க ஊர் இருக்கிறது. காட்டில் நமக்கு நாம்தான், அதனால்தான் இவ்வளவு கணக்கு.

இனிப்புக்கும் வழி கண்டாகிவிட்டது. மட்டி வாழைப்பழம் கொண்டுபோக ஆசைதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம். தோல் மெல்லிசு, பைக்குள் நசுங்கிவிடும். பதிலுக்கு ஏத்தன் (நேந்திரன்) பழத்தைத் தோல் உரித்து நீளவாக்கில் கீறி, மொட்டைமாடியில் வலைத்துணி போட்டு மூன்று நாள் காயவைத்தேன். உரித்த பழம் ஒரு கிலோ, காய்ந்தபின் 400 கிராம். இறுகி, தோல்வார் மாதிரி ஆகி, மென்றால் தேன் மாதிரி இருக்கிறது. முந்திரிக்கொத்தும் உண்டு. பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும் தேங்காயும் எள்ளும். இரண்டு வாரம் கெடாது, சின்ன இடத்தில் அடங்கும். எங்கள் ஆச்சி காலத்திலேயே பயணத்துக்கு இதைத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வரப்போகிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வருடத்தில் பாதி நாள் காற்றே ஈரமாக இருக்கும். போன வாரம் மூடி சரியாக இறுகாத ஒரு பாட்டிலில் சம்மந்திப்பொடி கட்டிதட்டியது, அவல் நமத்துப் போனது. அவலை வெறும் சட்டியில் ஐந்து நிமிடம் புரட்டி எடுத்ததும் பழைய மொறுமொறுப்பு வந்தது. பொடியைத் திரும்ப வறுக்கப் பயமாக இருக்கிறது, கருகிவிடும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே பாட்டிலாக வைக்காமல் 25 கிராம் வீதம் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து அடைத்திருக்கிறேன். ஆறு குப்பி. முதல் குப்பியை ஆனி பிறந்ததும் திறக்க வேண்டும்.