அப்பச்சியின் காரும் 0.45 வோல்ட்டும்

அப்பச்சியின் பழைய பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்து இரண்டு வாரம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11க்கு இறங்கிவிட்டது. காரைக்குடியில் காட்டினால், பானட்டைக்கூடத் திறக்காமல் "ரெண்டு ஆக்சிஜன் சென்சாரையும் மாத்திடுங்க" என்றார் மெக்கானிக். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்து சொல்வது அந்த சென்சார்; அதை வைத்துத்தான் வண்டி பெட்ரோல் அளவைச் சரிசெய்யும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

கோட்டையூர் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஆறிப்போன வண்டியில் பார்ப்பது வீண். அப்புறம் வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, போனில் சென்சார் வோல்ட்டேஜ் வரைபடத்தைத் திறந்தேன். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக நின்றது. அது அப்படித்தான் நிற்க வேண்டும். முன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஊஞ்சல் ஆட வேண்டியது. அதுவோ 0.45இல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கிடந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தும் அசையவில்லை.

அந்த 0.45தான் சந்தேகத்தைக் கிளப்பியது. எங்கள் வண்டியில் அது ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, தானாகக் கொடுக்கும் வோல்ட்டேஜ். அப்படியென்றால் சென்சாரிலிருந்து சேதியே வரவில்லை. குனிந்து டார்ச் அடித்தேன். முன் சென்சாரின் கறுப்பு ஒயர் அறுந்து தொங்கியது. பக்கத்திலேயே எலிப் புழுக்கை. பழைய சாமான் அறையை ஒட்டி வண்டியை நிறுத்தாதே என்று ஆத்தா எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

ஈயம் உருக்கிப் பற்றவைக்கவில்லை; சில சென்சார்கள் ஒயர் வழியாகத்தான் வெளிக்காற்றை எடுக்கும், ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். ஒயர் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டர் போட்டு நசுக்கினேன். கோடு ஆட ஆரம்பித்தது.

அப்பச்சி எலிப்பொறி வாங்கப் போயிருக்கிறார்.